அடுத்தவர் வீட்டுச் சாவி, அடுத்தவர் வீட்டு நாய்: பிள்ளைகளை இதில் பழக்குவது எப்படி?

பெரம்பூர் அம்மா · ஏப்ரல் 21, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பெரம்பூரில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் வசிக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. நாய், பூனை எதுவும் வளர்க்கக் கூடாது என்பதை வீட்டு உரிமையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட்டார். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும், நால்வர் படுத்தால் ஐந்தாவது ஆள் கால் நீட்ட இடமில்லாத வீட்டில் ஒரு நாயைக் கட்டிப்போட்டு வளர்க்க எனக்கு மனம் வந்திருக்காது.

சென்ற டிசம்பரில், அரையாண்டு விடுமுறையின்போது, என் கணவருடன் பணிபுரியும் ஒருவர் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், மாதவரத்தில் உள்ள தம் வீட்டிலேயே தங்கி அதையும் தம்முடைய சிப்பிப்பாறை நாயையும் எட்டு நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பெட்டி படுக்கையோடு போனோம். முதல் இரண்டு நாள் நாய் சாப்பிடவில்லை. மகனோ நாய்க்குப் பயந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை. அந்த வீட்டம்மா சோற்றை வைத்தபின் தட்டின் விளிம்பை இரண்டு முறை தட்டுவார் என்பதை மகள்தான் தொலைபேசியில் கேட்டு அறிந்தாள். தட்டினாள், நாய் சாப்பிட்டது. அதைப் பார்த்தபிறகுதான் மகன் தரையில் கால் வைத்தான்.

இப்படி ஒருவர் வீட்டையும் அவர் வளர்க்கும் உயிரையும் அவர் திரும்பும்வரை அங்கேயே தங்கிக் கவனிப்பதற்கு நம்மிடம் ஒற்றைச் சொல் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ‘வீட்டுக்காவல்’ என்றால் யாரோ ஓர் அரசியல் தலைவரை வெளியே விடாமல் அடைத்துவைத்ததுபோல் ஒலிக்கிறது. ‘வீடு பார்ப்பது’ என்றால் வாடகைக்கு அலைவது என்றாகிவிடுகிறது. சொல் எதுவாக இருந்தாலும், இனி நீண்ட விடுமுறை ஒவ்வொன்றையும் இவ்வாறே கழிக்கலாம் என்பது எங்கள் எண்ணம். நாங்கள் பணம் வாங்குவதாக இல்லை; தங்குவதற்குக் கொடுப்பதாகவும் இல்லை.

என் கேள்விகள் இவை: எந்த வயதில் எந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்? அது நம் வீடு அல்ல என்பதை அவர்கள் மனம் சுருங்காமல் எப்படிப் புரியவைப்பது? மாதவரத்திலிருந்து திரும்பிய இரவு, “நமக்கு ஏன் மாடிப்படி உள்ள வீடு இல்லை?” என்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ராயபுரம் தாத்தா · ஏப்ரல் 22, காலை 6.05

பதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம், அம்மா. எட்டு வயதுக்காரனுக்கு அது போதும்.

நாங்கள் ஏழு குடும்பங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்கள். யார் ஊருக்குப் போனாலும் சாவி பக்கத்துக் குடித்தனத்தில் இருக்கும். அவர்கள் வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கூண்டில் அடைத்த கோழிக்குக் குருணை போடுவதும், முற்றத்தில் காயும் வடாமைக் காக்கையிடமிருந்து காப்பதும் எங்களைப் போன்ற சிறுவர்களின் வேலை. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. சுவர் ஒன்றாக இருந்தவரை அது தானாக நடந்தது. இப்போது ஒரே மாடியில் எதிர்வீட்டில் இருப்பவர் பெயர் தெரியாமல் பத்தாண்டு வாழ முடிகிறது என்பதால், முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்துச் சாவியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வியாசர்பாடி மகள் · ஏப்ரல் 22, பிற்பகல் 1.40

பெரியவர் கூறிய முற்றத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பிள்ளைகளுக்கு இதை அறிமுகம் செய்வது சரியாகாது என்று கருதுகிறேன்.

என் தாயார் புரசைவாக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் வீட்டுவேலை செய்தார். ஆண்டுதோறும் புரட்டாசியில் அவர்கள் திருப்பதிக்கும், அங்கிருந்து உறவினர் வீடுகளுக்கும் போய்த் திரும்பப் பத்து நாளாகும். அந்தப் பத்து நாளும் அம்மாவும் நானும் அங்கேதான் இருப்போம். உள் அறைகள் அனைத்தும் பூட்டப்பட்டிருக்கும். பின்கட்டுத் தாழ்வாரத்தில் நாயும் நாங்களும் படுப்போம். அங்கிருந்த ஒரே மின்விசிறி நாய்க்காக மாட்டியது. எங்கள் கையில் அவர்கள் கொடுத்தது சாவி அல்ல, நாயின் சங்கிலி. திரும்பி வந்ததும் வெள்ளிப் பாத்திரங்களை எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்வரை அம்மா நின்றுகொண்டிருப்பார். ஒன்றும் குறைந்ததில்லை. ஒருமுறைகூட எண்ணாமல் விட்டதும் இல்லை.

அடுத்தவர் வீட்டில் தங்கி நாயைப் பார்த்துக்கொள்வதை நீங்கள் ஒரு வாழ்க்கைமுறையாகத் தேர்ந்தெடுக்க முடிகிறது. எங்களுக்கு அது பிழைப்பு. இன்று எனக்கு நல்ல வேலையும் சொந்தமாக ஒரு நாட்டு நாயும் இருக்கின்றன. ஆயினும் நானே இப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ள முன்வந்தபோது, பேச்செல்லாம் இனிமையாக முடிந்து, விலாசம் வியாசர்பாடி என்று சொன்னதும் மறுமுனையில் குரல் மாறியதை நான் கவனித்தேன். மறுநாள், உறவினர் ஒருவர் வந்து தங்குவதாகச் செய்தி அனுப்பினார்கள். உங்கள் பிள்ளைகளுக்குச் சாவியின் பெருமையைச் சொல்லும்போது, அது யார் கைக்கு எளிதில் வருகிறது, யார் கைக்கு வருவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாடிப்புறா · ஏப்ரல் 22, மாலை 6.30

நான் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலில் இருப்பவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் இப்போது உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது. மாடியில் நாற்பது புறாக்கள் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் தொலைவில் விட்டாலும் கூண்டுக்குத் திரும்பும் ஹோமர் இனம்.

தடை நீங்கிப் படகு கிளம்பினால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். அந்த நாட்களில் என் கூண்டைப் பார்த்துக்கொள்பவன் எதிர்வீட்டு மாணவன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அவன் மூன்றாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது நான் முதலில் கொடுத்த வேலை எண்ணுவது மட்டும்தான். பொழுது சாயும்போது புறாக்கள் கூண்டுக்குள் இறங்கியபின் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் எண்ணினான். அசையும் புறாக்களை எண்ணுவது எளிதன்று. எண்ணத் தொடங்கியவன் தானாகவே ஒவ்வொன்றையும் நிறம், கண், கால் வளையம் என்று அடையாளம் கண்டுகொண்டான். அதன்பிறகுதான் தண்ணீர்த் தொட்டி கழுவுவதும், கம்பு, சோளம், பச்சைப் பயறு கலந்து வைப்பதும். அடைகாக்கும் ஜோடியின் பக்கம் இரண்டாண்டு கழித்தே விட்டேன். முட்டையிட்டுப் பதினெட்டு நாளளவில் குஞ்சு வெளிவரும். பெட்டையும் சேவலும் முறைவைத்து அடைகாக்கும். இடையில் ஒரு சிறுவன் ஆசையாகக் கையைவிட்டுப் பார்த்தால், அன்றோடு முட்டையைக் கைவிடும் ஜோடிகளும் உண்டு.

ஆகவே வயதைக் கேட்காதீர்கள், அம்மா. எத்தனை நாள் சலிக்காமல் எண்ணுகிறான் என்று பாருங்கள். ஓர் எச்சரிக்கை: இழுப்பு உள்ள பிள்ளையைக் கூண்டு பெருக்கவிடக் கூடாது. புறா எச்சத் தூளும் இறகுத் தூளும் நெஞ்சுக்கு ஆகாது. நானே முகக்கவசம் கட்டித்தான் பெருக்குகிறேன். அதுவும் தண்ணீர் தெளித்தபிறகு.

சகோதரி வியாசர்பாடிக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசிமேடு என்றாலும் குரல் மாறும்.

பெரம்பூர் அம்மா · ஏப்ரல் 22, இரவு 11.20

வியாசர்பாடிச் சகோதரி எழுதியதைப் படித்தபின் வெகுநேரம் பதில் எழுதாமல் இருந்தேன். முன்பு நான் விட்டுவிட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். மாதவரம் வீட்டில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, நாயைப் பற்றியது அல்ல; “அசைவம் சமைப்பீர்களா?” என்பது. சமைப்போம், ஆனால் உங்கள் வீட்டில் சமைக்க மாட்டோம் என்று என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாய்க்கு மட்டும் கோழிக்கால் வெந்துகொண்டிருந்தது. அது ஏன் என்று மகள் வழியிலேயே கேட்டாள்; பெரியவர்கள் வழக்கம் என்று மழுப்பிவிட்டேன். மழுப்பியிருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. இன்று மாலை அவளை அழைத்து, உங்கள் தாயாரின் கதையை, வெள்ளிப் பாத்திரம் உட்பட, சொன்னேன். “அந்த நாய் பெயர் என்ன?” என்று கேட்டாள். உங்களிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

வியாசர்பாடி மகள் · ஏப்ரல் 23, காலை 8.10

டைகர். அந்த நாட்களில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். இறக்கும்வரை அம்மா கையால் மட்டுமே சாப்பிட்டது என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

ஓய்வு ஆய்வாளர் · ஏப்ரல் 23, முற்பகல் 11.00

கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், உடல்நலம் தொடர்பான சிலவற்றைச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன். மனம் தொடர்பானவற்றை மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுகிறார்கள்.

பிள்ளைகளோடு ஒரு வீட்டுக்குப் போகும் முன், அந்த நாய்க்கோ பூனைக்கோ வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்றைக் கண்ணால் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் பெற இந்தச் சான்று தேவை என்பதால், உரிமம் வைத்திருப்பவரிடம் அது நிச்சயம் இருக்கும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், சான்றைக் கேட்டதற்காக ஒருவர் முகம் சுளித்தால் அந்த வீட்டை ஏற்காமல் விடுவதே நல்லது.

இதைவிடவும் முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. கீறலோ பல் பதிந்ததோ எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பிள்ளை உடனே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் அடி விழாது, நாயையும் யாரும் திட்டமாட்டார்கள் என்பதை முதல் நாளே அவன் நம்பும்படி சொல்லிவைக்க வேண்டும். என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகக் கொடிய நிகழ்ச்சிகளில் விலங்கின் குற்றத்தைவிட, பயந்துபோன ஒரு குழந்தையின் மௌனமே பெரிதாக இருந்தது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற ஏறத்தாழ வழியே இல்லை. காயத்தைக் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும், ஏனெனில் பதற்றத்தில் இரண்டு நிமிடமே பதினைந்துபோல் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அதன்பின் உடனே மருத்துவமனை. நம் பகுதியினருக்கு ஸ்டான்லி இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று நாமே முடிவுசெய்வது கூடாது. அதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

உணவில், பிள்ளைகள் பாசத்தால் செய்யும் தவறுகளே மிகுதி. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. பூனைக்கு வெங்காயத்தோடு பாரசிட்டமால் மாத்திரையும் நஞ்சு. ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடும். நாம் சாப்பிடும் சாம்பாரிலும் குருமாவிலும் வெங்காயம் இல்லாமல் இராது. எனவே ‘நம் தட்டிலிருந்து ஒரு வாய்கூட இல்லை’ என்ற ஒற்றை விதி, பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடச் சிறுவர்களுக்கு எளிது.

உறங்கும் நாயையும், உண்ணும் நாயையும், குட்டியோடு இருக்கும் நாயையும் தொடக் கூடாது. எட்டு வயது மகனை நாயோடு தனியாக விடக் கூடாது. அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். தெருவில் சங்கிலியைப் பிடிக்கும் வேலையை இரண்டு பிள்ளைகளிடமுமே கொடுக்க வேண்டாம். ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ பூனையைக் கண்டு பாய்ந்தால் பெரியவர் தோளே கழன்றுவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். காலை, மாலை இரு வேளையும் என்ன சாப்பிட்டது, தண்ணீர் குடித்ததா, மலம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளே எழுதட்டும். நோய்ப்பட்ட விலங்கோடு வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடும்போது, மருத்துவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளும் இவையாகத்தான் இருக்கும். பெரியவர்கள் திருதிருவென விழிப்போம்; நோட்டு பதில் சொல்லும்.

ஒன்று மறந்துவிட்டேன். வீட்டில் பச்சைக் கிளி இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப் பச்சைக் கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் சிறு குருவிகளுக்கு அந்தத் தடை இல்லை.

கொளத்தூர் கலர்மீன் · ஏப்ரல் 23, இரவு 9.00

நாயும் பூனையும் வேண்டாம், முதலில் மீன் தொட்டியிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வியாபாரத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மீன் கடிக்காது, ஓடாது, அதன் உயிரைக் காப்பதற்கு மிகக் குறைவாகச் செய்தால் போதும். பிள்ளைகளுக்குக் கடினமானதே அந்தக் ‘குறைவாகச் செய்வது’தான். ஊருக்குப் போனவர்களின் தொட்டியில் செத்துக் கிடக்கும் மீன்களில் பெரும்பாலானவை பட்டினியால் செத்தவை அல்ல. பார்த்துக்கொள்ள வந்த பிள்ளை வேளைக்கு ஒரு கை தீனியைக் கொட்ட, தின்னாத தீனி அழுகி, நீர் கெட்டுச் செத்தவை. நலமான பெரிய மீன் சில நாள் தீனி இல்லாமலேயே தாங்கும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவைச் சிறு பொட்டலங்களாக மடித்து, நாளுக்கு ஒன்று என்று தேதி எழுதிக் கொடுத்துவிடுங்கள். டப்பாவை உயரத்தில் வைத்துவிடுங்கள்.

தண்ணீர் மாற்றுவதாக இருந்தால் குழாயிலோ லாரியிலோ வந்த குளோரின் நீரை அப்படியே ஊற்றாமல், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்துவைத்து ஊற்ற வேண்டும்; அதுவும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. மாநகராட்சியின் கொசுப் புகை வண்டி தெருமுனைக்கு வரும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, காற்று மோட்டாரைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். கொசு மருந்து மீனுக்கு ஆகாது. எங்கள் தெருப் பிள்ளைகள் புகைக்குப் பின்னால் ஓடுவதை விட்டு வீட்டுக்குள் ஓடிவருவது இதற்காகத்தான்.

திருவொற்றியூர் பாட்டி · ஏப்ரல் 24, காலை 10.30

என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். ஆறு வயதுப் பேத்தியோடு விடுமுறைதோறும் வேறு வேறு ஊரில், யாரோ ஒருவர் வீட்டில், அவர்கள் பூனைக்குச் சோறு வைத்துக்கொண்டு தங்குவதை முதலில் கேள்விப்பட்டபோது, கையில் காசில்லாமல்தான் இப்படிச் செய்கிறார்களோ என்று கலங்கிவிட்டேன். பிறகுதான் அங்கே இது பரவலான ஏற்பாடு என்று தெரிந்தது. டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ் என்ற தளம் 2010-இல் பிரிட்டனில் தொடங்கியதாம். ஆண்டுச் சந்தா கட்டி இரு தரப்பும் சேர்கிறார்கள்; தங்கலுக்கோ கவனிப்புக்கோ தங்களுக்குள் பணம் கொடுப்பதில்லை; முடிந்ததும் ஒருவரைப் பற்றி மற்றவர் மதிப்புரை எழுதுகிறார்கள். பிள்ளைகளோடு வருபவர்களை ஏற்பதா இல்லையா என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே குறிப்பிட்டுவிடுகிறார்.

இதைப் படித்துவிட்டு வெளிநாட்டில் இப்படித் தங்கலாம் என்று திட்டமிடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பணம் கைமாறாவிட்டாலும், தங்குமிடத்துக்கு ஈடாகச் செய்யும் பணி என்று குடியேற்ற அதிகாரிகள் இதைக் கருதக்கூடும். 2022-இல் கனடாவில் ஒரு பூனையைப் பார்த்துக்கொள்ளச் சென்ற ஆஸ்திரேலியப் பெண் ஒருவரை, வழியில் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்திலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். சுற்றுலா விசா போதும் என்று யாரேனும் சொன்னால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பும் முன் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

தண்டையார்பேட்டை ஆசிரியை · ஏப்ரல் 24, இரவு 8.45

விலங்குகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மனிதர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம். பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள், நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம், நாயோடு விளையாடட்டும் என்று அழைப்பவர்களிடம், எவ்வளவு பழக்கமானவர்களாக இருந்தாலும், மறுத்துவிடுங்கள். இந்த ஏற்பாட்டில் பெற்றோர் எப்போதும் உடன் இருக்க வேண்டும். வீட்டுக்குள் கேமரா இருக்கிறதா, எந்த அறையில், பதிவை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். படுக்கையறையில் இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். அழைப்பு மணி அடித்தால் பிள்ளைகள் கதவைத் திறக்கக் கூடாது. மனம் கலங்கும்படி யாரேனும் நடந்துகொண்டால் பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்பதோடு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். இது இந்த ஏற்பாட்டுக்காக மட்டும் சொல்வதல்ல.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த வீட்டுப் படத்தைப் போட வேண்டாம். இன்னார் வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கு அறிவிக்கும் உரிமை நமக்கு இல்லை. வெளியூர் செல்வோர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் இருப்பதால், ‘எங்கள் வீட்டில் இன்னார் தங்குகிறார்’ என்பதையும் வீட்டுக்காரரையே அங்கே சொல்லிவிடச் சொல்லுங்கள். இரவில் விளக்கைக் கண்டு ரோந்துக் காவலர் கதவைத் தட்டினால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

பணம் பற்றி ஒரு சொல். வீட்டுக்காரர் திரும்பி வந்து, அன்பாக, பிள்ளையின் கையில் ஐந்நூறு ரூபாய் வைப்பார். ஒருமுறை வைத்தால் அது பரிசு. ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்துச் செய்தால் அது கூலி. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது. பொறுப்பு உங்கள் பெயரில் இருக்கட்டும். பிள்ளைகள் உங்களுக்குத் துணையாக மட்டும் இருக்கட்டும்.

ராயபுரம் தாத்தா · ஏப்ரல் 25, காலை 5.50

எல்லாரும் நிறையப் பயமுறுத்திவிட்டீர்கள். மே மாதம் பத்து நாள் பெங்களூருவில் மகன் வீட்டுக்குப் போகிறேன். பன்னிரண்டு வயது நாட்டு நாய் ஒன்றும், யாருக்கும் கட்டுப்படாத மஞ்சள் பூனை ஒன்றும் என் வீட்டில் இருக்கின்றன. தடுப்பூசிச் சான்று இருக்கிறது. கேமரா இல்லை. மீன் சமைக்கலாம்; சமைக்காவிட்டால்தான் பூனை கோபித்துக்கொள்ளும். பெரம்பூர் அம்மாவுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

பெரம்பூர் அம்மா · மே 19, இரவு 9.30

பத்து நாள் முடிந்து நேற்றுத் திரும்பினோம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போவதற்கு முந்தைய ஞாயிறு நால்வரும் தாத்தா வீட்டுக்குச் சென்று அரை நாள் இருந்தோம். நாய்க்கு மூட்டுவலி மாத்திரையை இட்லிக்குள் எப்படி மறைப்பது, பூனை எந்தச் சன்னல் வழியாக வரும், மோட்டார் சுவிட்ச் எங்கே என்று அவர் காட்டக் காட்ட மகள் எழுதிக்கொண்டாள். தொடக் கூடாத பொருள்களை அவரே சொல்லட்டும் என்று பிள்ளைகளை அவர் முன் நிறுத்தினேன். “என் மனைவியின் தையல் இயந்திரத்தை மட்டும் தொட வேண்டாம், மற்றவை எல்லாம் பொருள்தான்” என்றார். இது யார் வீடு என்பதைப் பிள்ளைகளுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த இயந்திரத்தைக் கடக்கும்போதெல்லாம் மகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனான்.

மாடிப்புறா ஐயா சொன்னபடி மகனுக்கு எண்ணும் வேலை. எண்ணுவதற்கு இரண்டே உயிர்கள்தான் என்றாலும் இரவு படுக்கும் முன் ‘நாய் ஒன்று, பூனை ஒன்று, கேஸ் மூடியாயிற்று, கிரில் பூட்டியாயிற்று’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான்காம் நாள் இரவு ‘பூனை ஒன்று’ என்பதைச் சத்தம் குறைத்துச் சொன்னான். எனக்குச் சந்தேகம் வந்தும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு எழுந்து வந்து அழுதான். மாலையில் பின்வாசல் கிரில்லைத் தாழிடாமல் விட்டதும், பூனை போனதும், அது தானாகத் திரும்பிவிடும் என்று நான்கு மணி நேரம் காத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தன. ஆய்வாளர் ஐயா எழுதியது நினைவுக்கு வந்ததால் கோபத்தை அடக்கிக்கொண்டேன். முழுதும் அடங்கியது என்று சொல்லமாட்டேன். டார்ச் அடித்துத் தெருமுழுவதும் தேடினோம். நள்ளிரவில் தாத்தாவை எழுப்பிச் சொல்வதா, காலையில் சொல்வதா என்று எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். “நான் சொல்கிறேன்” என்று மகனே கேட்டான். அவனே பேசினான். “தட்டில் கருவாட்டை வைத்துவிட்டுப் படுங்கள்” என்று மட்டும் தாத்தா சொன்னாராம். விடியற்காலை நான்கு மணிக்குச் சன்னலில் மணியோசை கேட்டது.

மகன் முன்பு கேட்ட கேள்வியை இந்த வீட்டில் கேட்கவில்லை. இங்கும் மாடிப்படி இருக்கிறது. ஒருவேளை, பத்து நாளும் அதைப் பெருக்கியவன் அவனே என்பதால் இருக்கலாம், அல்லது மறந்துவிட்டிருக்கலாம்.

வியாசர்பாடி மகள் · மே 19, இரவு 10.50

சகோதரி, ஜூலையில் நான் நான்கு நாள் வெளியூர் போக வேண்டும். பள்ளி நாட்கள் என்பதால் உங்களுக்கு இயலாது என்று தெரியும். காலாண்டு விடுமுறையில் மீண்டும் போவேன். என் நாய் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனால் ஆட்டோ ஹாரன் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எல்லா அறைகளும் திறந்திருக்கும்.

பெரம்பூர் அம்மா · மே 19, இரவு 10.58

வருகிறோம். அதற்கு முன் ஒரு ஞாயிறு வந்து பார்த்துக்கொள்கிறோம்.

ராயபுரம் தாத்தா · மே 20, காலை 5.40

வீடு சுத்தமாக இருக்கிறது. நாய் அரைக் கிலோ கூடியிருக்கிறது. பிள்ளைகளின் நோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். பூனையின் மலத்தைப் பற்றி இவ்வளவு நல்ல கையெழுத்தில் இதற்குமுன் யாரும் எழுதியதில்லை. ஏழாம் நாள் பக்கத்தின் அடியில், பென்சிலால் எழுதி அழித்து மீண்டும் எழுதிய இரண்டு வரிகள் எனக்கு மட்டும் என்று தலைப்பிட்டு இருக்கின்றன; அவை ஒரு கண்ணாடி டம்ளரைப் பற்றியவை. இந்த இழையை அந்தத் தம்பியின் அம்மாவும் படிப்பார் என்பதால் மேற்கொண்டு எழுதவில்லை.